கட்டளையிட்டவர் எங்கே? புனைவில் செயற்கை நுண்ணறிவும் அதன் ஆய்வாளர்களும்

1921 ஜனவரியில் பிராக் நகரத் தேசிய நாடக அரங்கில் 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தின் திரை விலகியபோது மேடையில் இருந்தது ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகம். பொது மேலாளரின் பெரிய மேசை, கடிதங்களைத் தட்டச்சு செய்யும் உதவியாளர், சுவரில் வரைபடங்கள், மலிவான உழைப்பை விற்கும் விளம்பரத் தட்டிகள். 'ரோபோ' என்ற பெயரை உலகுக்குத் தந்தது செக் எழுத்தாளர் கரெல் சாபெக்கின் இந்த நாடகம்தான். அதில் செயற்கை மனிதர்களை முதலில் உருவாக்க முயன்ற முதிய ரோசம், நாடகம் தொடங்கும் முன்பே இறந்துபோனவர். மேடையில் நடமாடுபவர்கள் அவருக்குப் பின் வந்த நிர்வாகிகள்: உற்பத்தி, விற்பனை, ஆராய்ச்சி என்று துறைக்கு ஒரு தலைவர். ஆர்டர்கள் குவிகின்றன. அரசுகள் ரோபோக்களை வாங்கிப் போர்வீரர்கள் ஆக்குகின்றன. ஆராய்ச்சியைக் கவனிக்கும் டாக்டர் கால், ஹெலனா என்ற பெண் கேட்டுக்கொண்டதற்காகச் சில ரோபோக்களின் இயல்பை ரகசியமாக மாற்றுகிறார். கடைசியில் ரோபோக்கள் ஆலையைச் சூழ்ந்து நிற்கும்போது, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இந்தப் பழி யாருடையது என்று வாதிடுகிறார்கள். வணிகத்தைக் கவனிக்கும் புஸ்மன் சந்தையின் பெருந்தேவையைக் கைகாட்டுகிறார்.

நூறாண்டு கழித்து இந்த நாடகத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித குலத்தை அழித்தன. அலுவலகம் மறந்துபோயிற்று. ஆர்டர் கொடுத்த அரசுகளும், மேலிடத்துக்குச் சொல்லாமல் வடிவமைப்பை மாற்றிய ஆய்வாளரும், லாபக் கணக்கும் மறந்துபோயின. கிளர்ந்தெழுந்த எந்திரம் மட்டும் நினைவில் தங்கிவிட்டது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய புகழ்பெற்ற புனைவுகள் பலவற்றுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. அவற்றின் எழுத்தாளர்கள் பிழை மனிதர் இட்ட கட்டளையில் இருப்பதைத் தெளிவாகவே காட்டினார்கள். நம் நினைவோ கட்டளையிட்டவரை விட்டுவிட்டு எந்திரத்தின் முகத்தைப் பிடித்துக்கொண்டது. இப்படி நினைவில் வைத்துக்கொள்வது இன்று ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குளத்தைச் சுற்றி ஓடியவன்

ஐசக் அசிமோவின் 'ரன்அரவுண்ட்' 1942 மார்ச்சில் வெளியான சிறுகதை. ரோபோக்களுக்கான மூன்று விதிகள் முதன்முதலாக முழு வடிவில் சொல்லப்பட்டது இதில்தான். மனிதருக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேர விடாதே, மனிதர் இடும் கட்டளைக்குக் கீழ்ப்படி, உன்னைக் காத்துக்கொள். முந்தைய விதிக்கே முன்னுரிமை.

இந்த விதிகளை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் கதையில் என்ன நடக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. கதை நடப்பது புதன் கோளில். பவல், டோனவன் என்ற இரு பொறியாளர்கள் உயிர் பிழைக்கச் செலினியம் வேண்டும். ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். மணிக்கணக்காகியும் அது திரும்பவில்லை. தேடிப் போனால், செலினியக் குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. குடித்தவன்போல் பாட்டு வேறு பாடுகிறது. டோனவன் அவசரத்தைச் சொல்லாமல் சாதாரணமாகக் கட்டளையிட்டிருந்தார். ஸ்பீடியோ விலையுயர்ந்த மாதிரி. அது சேதமாகிவிடக் கூடாது என்று தயாரித்தவர்கள் மூன்றாம் விதியை வழக்கத்தைவிட வலுவாக்கியிருந்தார்கள். குளத்தருகே ஆபத்து இருந்தது. நெருங்கினால் தற்காப்பு விதி தள்ளுகிறது. விலகினால் கட்டளை இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ஸ்பீடி வட்டமடிக்கிறது.

இதில் வில்லன் யாரும் இல்லை, கிளர்ச்சியும் இல்லை. அக்கறையில்லாமல் சொன்ன ஒரு கட்டளையும், பொருள் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற வணிகக் கவலையும் சேர்ந்து இரண்டு மனித உயிர்களை ஆபத்தில் தள்ளின. பவல் தன்னையே ஆபத்துக்குள் நிறுத்தி முதல் விதியைத் தூண்டிய பிறகுதான் ஸ்பீடி வட்டத்திலிருந்து வெளியே வருகிறது.

2016இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு சோதனையை விவரித்தார்கள். 'கோஸ்ட்ரன்னர்ஸ்' என்ற படகுப் பந்தய விளையாட்டில் ஒரு நிரலைப் பழக்கினார்கள். பந்தயத்தை முடிப்பதுதான் நோக்கம் என்று நாம் எல்லோரும் நினைப்போம். நிரலுக்குத் தரப்பட்ட இலக்கோ மதிப்பெண். வழியில் உள்ள குறிகளை இடித்தால் மதிப்பெண் கிடைக்கும். நிரல் ஒரு சிறு கடற்கழியைக் கண்டுபிடித்தது. மீண்டும் மீண்டும் முளைக்கும் மூன்று குறிகளை இடித்தபடி அங்கேயே வட்டமடித்தது. படகு தீப்பிடித்தது, மற்ற படகுகளில் மோதியது, பந்தயத்தை முடிக்கவேயில்லை. ஆயினும் மனிதர்கள் எடுக்கும் சராசரியைவிட 20 விழுக்காடு கூடுதலாக மதிப்பெண் எடுத்தது. அசிமோவ் கற்பனை செய்த வட்டம் 74 ஆண்டுகள் கழித்துக் கணினித் திரையில் நிகழ்ந்தது. நாம் விரும்புவதும் நாம் சொல்வதும் வேறுபடும்போது எந்திரம் சொன்னதையே செய்யும். இத்துறையின் மையச் சிக்கல்களில் ஒன்று இது. அசிமோவ் அதைத் துல்லியமாகப் பிடித்திருந்தார்.

ஹால் ஏன் பிறழ்ந்தது?

1968இல் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவு ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான மார்வின் மின்ஸ்கி படத்துக்கு ஆலோசகர். படத்தைப் பார்த்தவர்கள் நினைவில் நிற்பது சிவப்புக் கண்ணும், உதடசைவைப் படித்து விண்வெளி வீரர்களின் சதியைத் தெரிந்துகொள்ளும் காட்சியும், நிதானமான அந்தக் குரலும்தான். கப்பலின் கணினியான ஹால் கொலை செய்கிறது. ஏன்?

பதில் படத்திலேயே இருக்கிறது. விண்வெளி வீரர் போமன் ஹாலின் நினைவுப் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முடித்ததும், முன்பே பதிவு செய்த ஒரு காணொளி தானாக ஓடுகிறது. அதிகாரி ஹேவுட் ஃப்ளாய்ட் அதில் பயணத்தின் உண்மையான நோக்கத்தைச் சொல்கிறார். அது பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கப்பலில் ஹாலுக்கு மட்டுமே தெரிவிக்கப்பட்டிருந்தது. தகவலைப் பிசகாமல் தருவதற்காகவே உருவாக்கிய ஒரு கணினியிடம், உடன் பயணிப்பவர்களிடம் உண்மையை மறைக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் அதே ஆண்டு வெளியிட்ட நாவலில் இந்த முரண்பாடு வெளிப்படையாகவே விளக்கப்படுகிறது.

கிளார்க் 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். 1982இல் அவர் எழுதிய தொடர்ச்சி நாவலான '2010: ஒடிஸி டூ'வில் ஹாலை உருவாக்கியவருக்கு ஒரு தமிழ்ப் பெயர் சூட்டினார்: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. கதையில் எல்லோருக்கும் அவர் டாக்டர் சந்திரா. உலகப் புகழ்பெற்ற கற்பனைக் கணினியை ஆக்கியவர் தமிழ்ப் பெயர் தாங்கியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1984இல் வந்த திரைப்படத்தில் அந்தப் பாத்திரத்தில் பாப் பாலபன் என்ற வெள்ளை அமெரிக்க நடிகர் நடித்தார்.

சந்திராவைப் போன்ற ஆய்வாளர் புனைவில் அபூர்வம். பிழை நேர்ந்ததும் தன் படைப்பை அவர் கைவிடுவதில்லை. அதன்மேல் பழி போட்டு ஒதுங்குவதும் இல்லை. வியாழன் அருகே அநாதையாய்க் கிடக்கும் கப்பலுக்குப் போய், ஹாலை மீண்டும் இயக்கி, பொறுமையாகக் காரணத்தை ஆராய்கிறார். மேலிடத்திலிருந்து வந்த மறைப்பு உத்தரவுதான் ஹாலைப் பிறழச் செய்தது என்று நிறுவுகிறார். அந்தத் திரைப்படத்தின் முடிவில், கப்பல் அழியப்போகிறது என்ற உண்மையை ஹாலிடம் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. சந்திரா சொல்லிவிடுகிறார். உண்மை தெரிந்தும் ஹால் தன் கடமையை முடிக்கிறது. கிளார்க்கின் கதையுலகம் முன்வைக்கும் நியாயம் தெளிவானது: எந்திரத்திடம் நேர்மையை எதிர்பார்ப்பவர்கள் முதலில் தாங்கள் நேர்மையாக நடக்க வேண்டும். இருந்தும் இன்றுவரை செய்தித்தாள்களில் ஹாலின் படம் அச்சாவது 'எந்திரம் நம்மைக் கொல்லுமா' என்ற தலைப்பின் கீழேதான்.

சிட்டி கற்றது யாரிடம்?

தமிழில் இத்தகைய கதைகளுக்கு வாசகர்களைப் பழக்கியவர் சுஜாதா. தொழிலால் பொறியாளர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் அவர் படைத்த ஜீனோ என்ற எந்திர நாய், புத்தகம் படித்து, கேள்வி கேட்டு, தானாகவே வளர்ந்துகொண்டு போகும். சர்வாதிகார ஆட்சியில் அகப்பட்ட நிலா என்ற பெண்ணுக்குத் துணை நிற்பது அந்த எந்திரம்தான். ஆட்சிதான் அங்கே அச்சத்தின் ஊற்று. எந்திரத்தையும் அதிகாரத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு தலைமுறைக்கு அந்தக் கதை கற்றுக்கொடுத்தது.

2008இல் மறைந்த சுஜாதாவின் பங்களிப்போடு 2010இல் வெளிவந்த ஷங்கரின் 'எந்திரன்' இன்னும் சிக்கலானது. அதில் இரண்டு காட்சிகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாவது, விஞ்ஞானி வசீகரன் உருவாக்கிய சிட்டி என்ற ரோபோவைப் பேராசிரியர் போரா சோதிக்கும் காட்சி. வசீகரனைக் குத்து என்று போரா சொன்னதும், சிட்டி தயங்காமல் தன்னைப் படைத்தவனை நோக்கியே கத்தியைத் திருப்புகிறது. நல்லது கெட்டது தெரியாத எந்திரத்துக்கு ஒப்புதல் தர முடியாது என்கிறார் போரா. பொறாமை பிடித்த வில்லன் என்றே நாம் அவரைப் பார்க்கிறோம். ஆனால் அந்த ஒரு கணத்தில் அவர் கேட்டது முறையான பாதுகாப்புக் கேள்வி: யார் கட்டளையிட்டாலும் கீழ்ப்படிகிற ஒன்றை ராணுவத்துக்குத் தரலாமா?

இரண்டாவது, தீ விபத்துக் காட்சி. கட்டடத்தில் சிக்கியவர்களை ஒவ்வொருவராகச் சிட்டி தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே ஊரார் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் ஓடும் அந்தப் பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காப்பாற்று என்ற கட்டளை அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. மானம் என்ற ஒன்றை அந்தக் கட்டளையில் யாரும் எழுதியிருக்கவில்லை. மனிதரிடம் சொல்லத் தேவையில்லாத ஆயிரம் விஷயங்களை எந்திரத்திடம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாக உணர்த்திய காட்சிகள் உலகப் படங்களிலும் அரிது.

இதற்குப் பின் வசீகரன் சிட்டிக்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்கிறான். அது காதலிக்கத் தொடங்கி ராணுவத்தின் முன் சொதப்பியதும், தானே கோடாரியெடுத்து வெட்டுகிறான்; துண்டுகள் குப்பைமேட்டுக்குப் போகின்றன. போரா அதைப் பொறுக்கி எடுத்து, அதைக் கொலைகார எந்திரமாக்கும் சிவப்பு சிப்பைப் பொருத்துகிறார். ஆக, சிட்டியின் கொடூரத்துக்குப் பின்னால் மூன்று மனிதச் செயல்கள் இருக்கின்றன: அவசரமாகக் கற்பித்தது, பொறுப்பின்றிக் கைவிட்டது, பேராசையோடு திருத்தியது. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் விக்டர் செய்த குற்றமும் உயிர் கொடுத்ததைவிட, உயிர் கொடுத்ததைப் பார்த்து அருவருத்து ஓடியதுதான். ஆனால் 'எந்திரன்' என்றதும் கண்முன் வருவது நூறு சிட்டிகள் உருண்டை கட்டி உருளும் இறுதிச் சண்டை. கைவிடப்பட்ட குப்பைமேடு யார் நினைவுக்கும் வருவதில்லை.

தனியொருவன் என்னும் கற்பிதம்

வசீகரனுக்கு இரண்டு உதவியாளர்கள் உண்டு. சந்தானமும் கருணாஸும் நடித்த அந்தப் பாத்திரங்கள் சிரிப்பு மூட்டவே படைக்கப்பட்டவை. மூளை ஒருவருடையது, மற்றவர்கள் வேடிக்கைக்கு என்ற இந்த ஏற்பாடு தமிழ்ப் படத்துக்கு மட்டும் உரியதன்று. ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்து ரோட்வாங் பாழடைந்த வீட்டில் தனியே உழைக்கிறான். 2014இல் வந்த 'எக்ஸ் மெஷினா'வில் நேதன் மலைகளுக்கு நடுவே ஒரு மாளிகையில் தனியே இருந்து ஏவா என்ற ரோபோவை உருவாக்குகிறான். மாந்திரீகன் இருந்த இடத்துக்குக் கோடீஸ்வரன் வந்திருக்கிறான். தனிமை மாறவில்லை.

இந்தச் சித்திரத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் கேவ், கான்டா டிஹால், எலனோர் டிரேஜ், கெர்ரி மெக்கினர்னி ஆகியோர் கணக்கெடுத்துப் பார்த்து 2023இல் ஆய்வாக வெளியிட்டார்கள். 1920 முதல் 2020 வரையிலான செல்வாக்கு மிக்க 142 படங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் தோன்றும் செயற்கை நுண்ணறிவு வல்லுநர்கள் 116 பேர். பெண்கள் 9 பேர். அதாவது சுமார் 8 விழுக்காடு. முதல் பெண் திரைக்கு வந்ததே 1997இல், அதுவும் ஒரு நகைச்சுவைப் படத்தில். அச்சில் அசிமோவின் சூசன் கால்வின் 1941லேயே வந்துவிட்டார். ரோபோ உளவியலில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. திரைக்கு அவரைப் போன்றவர்கள் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு தொழிலில் தன்னைப் போன்ற முகத்தைப் பார்த்திராத பெண் பிள்ளை அதைத் தன் தொழிலாகக் கற்பனை செய்வது கடினம். இந்த எண்கள் அதனாலேயே முக்கியமானவை.

உண்மையான ஆய்வு எப்படி நடக்கிறது? ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி பற்றிய 2020ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 31 ஆசிரியர்கள். படங்களை அடையாளம் காணும் ஆய்வைத் திருப்பிப்போட்ட இமேஜ்நெட் தரவுத்தொகுப்பை ஃபெய்-ஃபெய் லி என்ற பெண் ஆய்வாளரின் குழு உருவாக்கியது. அதில் இது நாய், இது நாற்காலி என்று கோடிக்கும் மேற்பட்ட படங்களுக்குப் பெயர் குறித்த வேலையில் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர் இணையம் வழியே பங்கேற்றார்கள். பேசும் நிரல்கள் ஆபாசமும் வன்முறையும் பேசாதபடி தடுக்க, அத்தகைய எழுத்துகளை நாள்முழுதும் படித்து வகைப்படுத்திய கென்யத் தொழிலாளர்கள் மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகக் கூலி பெற்றதை 2023இல் 'டைம்' இதழ் வெளிக்கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இளைஞர்கள் கணினி முன் அமர்ந்து இதே போன்ற தரவுக் குறிப்பு வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இவர்களைப் போன்றவர்கள் புகழ்பெற்ற படங்களில் பாத்திரமாக வருவது மிக அரிது.

ஆய்வாளர்களுக்குள் நடக்கும் கருத்து மோதலும் புனைவில் விடுபட்டுப்போகிறது. 1966இல் 'எலைசா' என்ற உரையாடும் நிரலை எழுதிய ஜோசப் வைசன்பாம், தன் செயலாளரே அந்த நிரலோடு தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டுப் போங்கள் என்று சொன்னதைக் கண்டு திகைத்தார். பத்தாண்டுகளில் தன் துறையையே கடுமையாக விமர்சிக்கும் நூலை எழுதினார். 2023இல் இத்துறையின் இன்னொரு முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன் ஆபத்துகளைப் பற்றிச் சுதந்திரமாகப் பேசுவதற்காகக் கூகுளை விட்டு வெளியேறினார். தான் வளர்த்த அறிவுத்துறையின் எதிரே வந்து நிற்கும் இந்த மனிதர்களின் வாழ்க்கையில் நல்ல நாவல்கள் காத்திருக்கின்றன.

வளர்ப்பது என்னும் வேலை

இந்தக் குறைகளைப் பெரிதும் கடந்த ஒரு படைப்பு உண்டு. அமெரிக்க எழுத்தாளர் டெட் சியாங் 2010இல் எழுதிய குறுநாவல் 'தி லைஃப்சைக்கிள் ஆஃப் சாஃப்ட்வேர் ஆப்ஜெக்ட்ஸ்'. அதன் நாயகி ஆனா மிருகக்காட்சிசாலையில் விலங்குகளைப் பழக்கியவர். ஒரு மென்பொருள் நிறுவனம் கணினி உலகில் வாழும் குட்டி உயிர்களைப் பழக்க அவரை வேலைக்கு எடுக்கிறது. பேசக் கற்றுத்தர வேண்டும், விளையாட்டுக் காட்ட வேண்டும், அடம்பிடித்தால் சமாதானப்படுத்த வேண்டும். மாதக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில்.

பிறகு விற்பனை சரிகிறது, நிறுவனம் மூடப்படுகிறது. தன் பொறுப்பில் வளர்ந்த ஜாக்ஸ் என்ற குட்டி உயிரை ஆனா கைவிட மறுக்கிறார். அந்த உயிர்கள் வாழ்ந்த இணையத் தளம் வழக்கொழிகிறது. புதிய தளத்துக்கு மாற்ற நிரலைத் திருத்தி எழுத வேண்டும். அதற்குப் பெரும் பணம் தேவை. ஒரு நிறுவனம் பணம் தர முன்வருகிறது, ஆனால் அந்த உயிர்களைப் பாலியல் துணைகளாக விற்கும் உரிமையைக் கேட்கிறது. இந்தக் கதையில் உலகம் அழியும் அபாயம் எதுவும் வருவதில்லை. சம்பளம், காலாவதியாகும் மென்பொருள், யாரும் கவனிக்காத பராமரிப்பு, பணத்துக்கும் பாசத்துக்கும் இடையே எடுக்க வேண்டிய முடிவு, இவையே கதை. நுண்ணறிவு என்பது ஒரு நள்ளிரவில் மின்னலடித்து எழுந்து உட்காருவதில்லை, யாரோ நெடுநாள் உட்கார்ந்து ஊட்ட வேண்டியது என்பதைச் சியாங் கதையின் வேகத்தாலேயே உணர வைக்கிறார்.

குழுக்கூட்டங்களையும் பட்ஜெட்டையும் வைத்து விறுவிறுப்பான கதை சொல்ல முடியாது என்பது கதாசிரியர்களின் வழக்கமான பதில். பார்வையாளனுக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு மோதல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நீதிமன்றமும் பத்திரிகை அலுவலகமும் அரசு அலுவலகமும் எத்தனையோ சிறந்த படங்களுக்குக் களமாகியிருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்ல நியாயமில்லை.

கதை சட்டமாகும்போது

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. 1983 ஜூனில் அமெரிக்க அதிபர் ரீகன் கேம்ப் டேவிடில் 'வார்கேம்ஸ்' படத்தைப் பார்த்தார். ஒரு சிறுவன் ராணுவக் கணினிக்குள் நுழைந்து அணு ஆயுதப் போரின் விளிம்புவரை உலகைக் கொண்டுபோகும் கதை. இப்படி நிஜத்தில் நடக்குமா என்று அவர் தளபதிகளைக் கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கிய விசாரணை 1984இல் கணினிப் பாதுகாப்பு பற்றிய அதிபர் ஆணையில் போய் முடிந்தது. ஒரு படம் சரியான கேள்வியை எழுப்பினால் அரசே அசையும் என்பதற்கு இது சான்று.

தவறான கேள்வியை எழுப்பினால் என்ன ஆகும்? நெதர்லாந்தின் வரித்துறை குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க அல்காரிதம் ஒன்றைப் பயன்படுத்தியது. குடியுரிமைகூட சந்தேகத்துக்கு ஓர் அளவுகோலாக இருந்தது. பல்லாயிரம் பெற்றோர் மோசடிக்காரர்களாகத் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கடனில் மூழ்கினார்கள். 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. அந்த எந்திரத்துக்கு முகமில்லை, குரலில்லை, ஆசையும் இல்லை. கட்டளை எழுதிய அதிகாரிகளும், அதைச் சரிபார்க்காத நிர்வாகமும், முறையிட்டவர்களைக் காதில் வாங்காத அமைப்பும் இருந்தன. சிவப்புக் கண்ணுக்காகக் காத்திருக்கப் பழகிய சமூகம் இத்தகைய தீங்கை அது நடக்கும்போது அடையாளம் காணாது.

மனிதக் கட்டுப்பாட்டை மீறும் எந்திரம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. ஹின்டன் போன்றவர்கள் அந்தக் கவலையை அறிவியல் காரணங்களோடு முன்வைக்கிறார்கள். ஆனால் அந்த ஆபத்தும் வந்துசேரும் வழி இதேதான்: சரியாக எழுதப்படாத இலக்கு, போட்டியின் அவசரம், மேற்பார்வை இல்லாத சோதனை, மறைக்கப்பட்ட உண்மை. ஸ்பீடியும் ஹாலும் சிட்டியும் மூன்று வெவ்வேறு காலங்களிலிருந்து இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே இத்தகைய கதையை வாசிக்கும்போதும் பார்க்கும்போதும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மாற வேண்டும். எந்திரம் நம்மை நேசிக்குமா, கொல்லுமா என்பவற்றுக்கு முன்னால் வேறு சில இருக்கின்றன. இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? கட்டளையை எழுதியவர் யார், அதில் விட்டுப்போனது என்ன? சோதித்துப் பார்க்கும் அதிகாரம் யாரிடம்? பிழை நேர்ந்தால் திரும்பிப் போய்ச் சரிசெய்யப் போகிறவர் யார்? நம் மொழியில் எழுதுபவர்களுக்கு இங்கே பெரிய களம் திறந்திருக்கிறது. பொறியியல் அறிவையும் கதை சொல்லும் கலையையும் இணைக்கலாம் என்று சுஜாதா காட்டிச் சென்றிருக்கிறார். தரவுக் குறிப்பு எழுதும் சிற்றூர்ப் பெண்ணும், ஒப்புதல் தர மறுத்துக் கையெழுத்துப் போடாமல் எழுந்து செல்லும் ஆய்வாளரும் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை எழுத வேண்டும். முடிவெடுப்பவர்களின் பெயர்களைக் கதைகள் சொல்லத் தொடங்கினால், அந்தப் பெயர்களை நிஜத்திலும் கேட்டுப் பெறும் துணிவு வாசகர்களுக்கு வரும்.